மெடிக்கல் ஜர்னலுக்கு கட்டுரை அனுப்பப் போறீங்களா? ரெஃபரன்ஸ் பட்டியலில் சாஃப்ட்வேர் செய்வது என்ன... நீங்க செய்ய வேண்டியது என்ன?

ஒரு மருத்துவ ஆய்வுக் கட்டுரையில் 40 மேற்கோள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்தாவது இடத்தில் புதிதாக ஓர் ஆய்வைச் சேர்க்கச் சொல்கிறார் மதிப்பீட்டாளர். கையால் டைப் செய்திருந்தால், அதற்குப் பிறகு வரும் 36 எண்களையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். ஒரு எண் தப்பினாலும் படிக்கிற டாக்டர் வேறு ஏதோ ஆய்வைத் தேடிப் போய்விடுவார். இந்த வேலையை நொடியில் முடித்துத் தருவதுதான் ரெஃபரன்ஸ் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர். ஆனா, எல்லாத்தையும் அதன் தலையில் கட்டிவிட முடியுமா?

எந்தெந்த சாஃப்ட்வேர்?

அதிகம் பயன்படுபவை மூன்று. ஜோட்டெரோ 2006-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவானது, முழுக்க இலவசம். எல்செவியர் நிறுவனத்தின் மெண்ட்லியையும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். எண்ட்நோட் கட்டணம் செலுத்தி வாங்க வேண்டியது. மூன்றும் செய்யும் வேலை ஒன்றுதான். ஆய்வுகளின் விவரங்களைச் சேமிக்கும், கட்டுரைக்குள் எண் போடும், கடைசியில் பட்டியல் தயாரிக்கும்.

வான்கூவர் ஸ்டைல் என்றால் என்ன?

1978-ல் கனடாவின் வான்கூவர் நகரில் சில மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் கூடி, கட்டுரைகளுக்குப் பொதுவான வடிவம் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அந்த விதிகள் 1979-ல் வெளியாகின. ஊர் பெயரே ஸ்டைலின் பெயராக நிலைத்துவிட்டது.

கட்டுரையில் எந்த ஆய்வு முதலில் வருகிறதோ அதற்கு எண் 1. பட்டியலும் அதே வரிசையில்தான் இருக்கும். ஆசிரியர்கள் ஆறு பேருக்கு மேல் என்றால் முதல் ஆறு பேரை எழுதிவிட்டு ‘எட் ஆல்’ என்று போட வேண்டும். இதழின் பெயரைச் சுருக்கித்தான் எழுத வேண்டும்.

எல்லா ஜர்னலும் இதையே அப்படியே பின்பற்றுவதில்லை. உதாரணமாக, ‘ஜாமா’ இதழில் ஆறு பேருக்கு மேல் போனால் முதல் மூன்று பேர் பெயர் போதும். இதையெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஜோட்டெரோவின் ஸ்டைல் தொகுப்பில் 10,000-க்கும் மேற்பட்ட வடிவங்கள் இருக்கின்றன. ஜர்னல் பெயரைத் தேடிச் சேர்த்துக்கொண்டால் அவ்ளோதான்.

எப்படிச் செய்வது?

1. பப்மெட் தளத்தில் ஆய்வைத் திறந்து, பிரவுசரில் உள்ள ஜோட்டெரோ பட்டனை அழுத்துங்க. இல்லையென்றால் அந்த ஆய்வின் டிஓஐ அல்லது பப்மெட் எண்ணை சாஃப்ட்வேரில் போடுங்க. விவரங்கள் தானாக வந்துவிடும்.

2. வேர்ட் ஃபைலில் மேற்கோள் வர வேண்டிய இடத்தில் கர்சரை வைத்து, ஜோட்டெரோ மெனு வழியாக ஆய்வைத் தேர்வு செய்யுங்க. நடுவில் எதைச் சேர்த்தாலும் நீக்கினாலும் எண்கள் தானாக மாறும்.

3. ஒரு ஜர்னல் நிராகரித்து, இன்னொன்றுக்கு அனுப்புறீங்களா? ஸ்டைலை மட்டும் மாற்றினால் மொத்தப் பட்டியலும் மாறிவிடும்.

4. இதழின் பெயர் சுருக்கமாக வர ‘மெட்லைன்’ சுருக்கம் என்ற ஆப்ஷனை டிக் செய்யுங்க.

5. கடைசியாக, ஃபைலுக்கு ஒரு காப்பி எடுத்துவிட்டு, அந்தக் காப்பியில் மட்டும் சாஃப்ட்வேர் இணைப்பைத் துண்டித்து அனுப்புங்க. துண்டித்த ஃபைலில் எண்கள் தானாக மாறாது என்பதால், ஒரிஜினல் பத்திரமாக இருக்க வேண்டும்.

சாஃப்ட்வேர் எங்கே சறுக்கும்?

நிறுவனப் பெயர்: ‘வேர்ல்ட் ஹெல்த் ஆர்கனைசேஷன்’ என்பதை ஒரு மனிதரின் பெயர் என்று நினைத்து, ‘ஆர்கனைசேஷன் டபிள்யூ.ஹெச்.’ என்று மாற்றிவிடும். ஜோட்டெரோவில் பெயருக்கான இரண்டு கட்டங்களை ஒன்றாக்கினால் சரியாகிவிடும். எண்ட்நோட்டில் நிறுவனப் பெயருக்குப் பிறகு ஒரு கமா போட வேண்டும்.

தமிழ்ப் பெயர்கள்: நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ‘எம். கவிதா’ என்று கட்டுரை வெளியிட்டவர் பட்டியலில் ‘கவிதா எம்’ என்று வருவார். அவரே ‘கவிதா முருகன்’ என்று எழுதினால் ‘முருகன் கே’ ஆகிவிடுவார். அதாவது, மகள் செய்த ஆய்வு அப்பா பெயரில்! அதனால் எல்லாக் கட்டுரையிலும் ஒரே மாதிரி பெயர் எழுதுவது நல்லது. இலவசமாகக் கிடைக்கும் 16 இலக்க ஆர்கிட் எண்ணையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

வாபஸ் ஆன ஆய்வுகள்: ஹைட்ராக்ஸி குளோரோகுயின் பற்றி 2020 மே 22-ல் ‘லான்செட்’ வெளியிட்ட ஆய்வு, ஜூன் 4-ம் தேதியே திரும்பப் பெறப்பட்டது. இப்படி வாபஸ் ஆன ஆய்வு உங்கள் சேமிப்பில் இருந்தால் ஜோட்டெரோ எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைக் கவனிக்காமல் விட்டுவிடாதீங்க.

ஐந்தே வாக்கியம்... 608 மேற்கோள்!

வடிவம் கச்சிதமாக இருந்தாலும் மேற்கோள் தவறாகப் போகலாம். அதற்குப் பெரிய உதாரணம், 1980 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த ஐந்து வாக்கியக் கடிதம். மருத்துவமனையில் ஓபியாய்டு வகை வலி நிவாரணி கொடுக்கப்பட்ட 11,882 நோயாளிகளில், ஏற்கெனவே போதைப் பழக்கம் இல்லாதவர்களில் 4 பேர் மட்டுமே அடிமையானதாக அந்தக் கடிதம் சொன்னது.

அது எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டது என்று கனடா ஆய்வாளர்கள் 2017-ல் கணக்கெடுத்தார்கள். மொத்தம் 608. அதில் 72.2 சதவீதம், ஓபியாய்டுக்கு அடிமையாவது அபூர்வம் என்பதற்கு ஆதாரமாக அதைக் காட்டியிருந்தன. அவர்கள் மருத்துவமனையில் தங்கி சிகிச்சை பெற்றவர்கள் என்ற விஷயத்தை 80.8 சதவீதம் சொல்லவே இல்லை. வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவர்களைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட கிடையாது. வட அமெரிக்காவின் ஓபியாய்டு நெருக்கடிக்கு இந்த மேற்கோள் பழக்கமும் ஒரு காரணம் என்றார்கள் ஆய்வாளர்கள். இன்று அந்தக் கடிதத்தோடு ஓர் எச்சரிக்கைக் குறிப்பையும் ஜர்னல் இணைத்திருக்கிறது.

எந்த சாஃப்ட்வேரும் இந்தத் தவறைக் கண்டுபிடித்திருக்காது. கடிதம் உண்மை, எண் சரி, வடிவமும் சரி. சொல்லாததைச் சொன்னதாக எழுதியதுதான் பிழை. ஏஐ சாட்பாட் தரும் பட்டியலில் இல்லாத கட்டுரையே வரலாம் என்பதால், அதை பப்மெட்டில் தேடிப் பார்க்காமல் சேர்க்கவே கூடாது.

கட்டுரையை அனுப்பும் முன், ஒவ்வொரு எண்ணுக்கும் உரிய ஆய்வைத் திறந்து, நீங்க எழுதியதை அது உண்மையிலேயே சொல்கிறதா என்று படித்துப் பாருங்க. சுருக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது, யாரிடம், எங்கே, எவ்வளவு காலம் நடந்த ஆய்வு என்பதையும் பார்க்கணும். உங்கள் வரியை நம்பி ஒரு டாக்டர் மருந்துச் சீட்டு எழுதக்கூடும்.