ஸ்பெயின் ராஜாவின் மயிலாப்பூர்

கொஞ்ச நாளா எங்க வீட்டுல ஸ்பெயின் காய்ச்சல். பையன் ப்ளஸ் டூ முடிச்சாச்சு, எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருஷமாச்சு, இதுவரைக்கும் கடல் தாண்டினதுன்னா அது பாம்பன் பாலம் மட்டும்தான். அதனால மாலகாவோ காதிஸோ, ஏதாவது ஒரு ஸ்பானிஷ் கடலோர ஊர்ல பத்து நாள் போய் உட்கார்ந்துட்டு வரணும்னு தங்கமணி உத்தரவு. நானும் எக்ஸெல் ஷீட் போட்டேன். விமான டிக்கெட், விசா, காப்பீடு, அங்க தயிர் சாதத்துக்கு என்ன வழி... ஒவ்வொரு வரியா ஏத்த ஏத்த, கீழ வந்த கூட்டுத்தொகைக்கு பாண்டி பஜார்ல ஒரு கடையே வாடகைக்குப் பிடிக்கலாம் போல இருந்தது.

ஆனா பணத்தை விடப் பெரிய கேள்வி அப்பா. வயசு 83. முட்டி வலி. பத்து நாள் தனியா விட்டுட்டுப் போக முடியாது, அத்தனை மணி நேரம் விமானத்துல உட்கார வைக்கவும் முடியாது. இதை வீட்டுல யாரும் வாய்விட்டுச் சொல்லலை. ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது அவரே ஆரம்பிச்சார்: "கடலும் சர்ச்சும்தானேடா பார்க்கணும்? சாந்தோம் போய்ட்டு வாங்களேன். ஆட்டோவுல போயிடலாம்."

எல்லாரும் சிரிச்சோம். அப்புறம் சும்மா இருக்காம புத்தகங்களைப் புரட்டினா, மனுஷர் சொன்னது பாதிக்கு மேல சரி! நம்ம சாந்தோம் ஒரு அறுபது வருஷம் ஸ்பெயின் ராஜாவோட ஊரா இருந்திருக்கு மக்களே.

"யோவ், அது போர்ச்சுகீசியர் ஊருய்யா"ன்னு சண்டைக்கு வராதீங்க. அதுவும் சரிதான். 1520-களில் மயிலாப்பூர்ல தோமையார் கல்லறையைத் தேடி வந்து தோண்டி, சர்ச் கட்டி, பக்கத்துலயே வீடும் கட்டிக்கிட்டவங்க போர்ச்சுகீசியர்தான். லஸ் சர்ச்சுக்கு இன்னும் பழசா 1516-ன்னு அங்க இருக்கிற கல்வெட்டே சொல்லுது (அந்த வருஷத்தை ஒத்துக்காதவங்களும் உண்டு). அவங்க பெரும்பாலும் சிப்பாய் வேலையை விட்டுட்டு, இங்கயே கல்யாணம் பண்ணிக்கிட்டு, துணி வியாபாரம் பார்த்தவங்க. நம்ம பக்கத்துச் சாயத்துணி கப்பலேறி மலாக்கா போகும், பதிலுக்கு வாசனைத் திரவியம் வரும். கோவாவுல இருந்த வைஸ்ராய்க்கு இந்த ஊர்க்காரங்க அவ்வளவா அடங்கினதும் இல்லை.

இதுக்கு நடுவுல ஒரு நிஜ ஸ்பெயின்காரரும் வந்து தங்கியிருக்கார். நவார்ரா பகுதியில 1506-ல் பிறந்த பிரான்சிஸ் சவேரியார். ஆமாங்க, கோவாவுல உடல் வெச்சிருக்காங்களே, அதே சவேரியார்தான். 1545-ல் நாலு மாசம் போல சாந்தோம்ல இருந்து, அடுத்து எங்க போறதுன்னு ஜெபம் பண்ணி முடிவெடுத்து, மலாக்காவுக்குக் கப்பலேறினார். எக்ஸெல் ஷீட் இல்லாம பயணத் திட்டம் போட்ட புண்ணியவான்.

சரி, ராஜா விஷயத்துக்கு வருவோம். 1578-ல் போர்ச்சுகல் ராஜா செபாஸ்தியான் மொராக்கோவுல சண்டைக்குப் போய் செத்துப்போனார். வாரிசு கிடையாது. அடுத்து வந்த வயசான கார்டினல் ராஜாவும் 1580-ல் போய்ச் சேர, "எங்க அம்மா வழியில எனக்குத்தான் பாத்தியதை"ன்னு ஸ்பெயினோட இரண்டாம் பிலிப் படையோட உள்ள வந்துட்டார். அதிலிருந்து 1640 வரைக்கும் இரண்டாம், மூன்றாம், நான்காம் பிலிப்னு மூணு பேர் ரெண்டு கிரீடத்தையும் சேர்த்துப் போட்டுக்கிட்டாங்க. நிர்வாகம் தனித்தனிதான். சாந்தோம்ல அதிகாரிங்க, பாதிரிங்க, பேச்சு எல்லாம் போர்ச்சுகீசியம். ஆனா உச்சியில உட்கார்ந்திருந்தது ஸ்பெயின் ராஜா. 1606-ல் போப் ஐந்தாம் பால் மயிலாப்பூரைத் தனி மறைமாவட்டமா அறிவிச்சதும் மூன்றாம் பிலிப் கேட்டுக்கிட்டதாலதான்.

இதை எழுதற எங்க தி.நகர் இந்தக் கதையில எங்க இருக்குன்னா, தண்ணிக்கு அடியில! 1920-களில் நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் எங்க பேட்டையே உருவாச்சு. அதனால நானும் ஸ்பெயின் பிரஜைன்னு பீத்திக்க வழியில்லை :-)

சும்மா காகிதத்துல ராஜா மாறினதுக்கு இவ்வளவு பில்டப்பான்னு கேட்டா, இனிமேதான் விஷயமே இருக்கு. ஸ்பெயினுக்கு எதிரா விடுதலைப் போர் நடத்திக்கிட்டிருந்தவங்க டச்சுக்காரங்க. ராஜா ஒருத்தர்ங்கிறதால, சம்பந்தமே இல்லாம போர்ச்சுகீசியரும் அவங்களுக்கு எதிரி ஆயிட்டாங்க. டச்சுக்காரங்க கீழை நாடுகளுக்கு நேரா கப்பல் விட்டு, 1602-ல் கம்பெனி ஆரம்பிச்சு, கொஞ்ச வருஷத்துல பழவேற்காட்டுல வந்து உட்கார்ந்துட்டாங்க. 1612-ல் சாந்தோம்காரங்க போய் அந்தப் பண்டகசாலையை அடிச்சு நொறுக்கினாங்க. பதிலுக்கு 1613-ல் டச்சுக்காரங்க அங்க கோட்டையே கட்டிட்டாங்க. ஐரோப்பாவுல நடந்த சண்டைக்கு நம்ம கடற்கரையில அடிதடி. அதுக்கப்புறம் சாந்தோம் வியாபாரம் இறங்குமுகம்தான்.

தனியா சமாளிக்க முடியாம, 1635-ல் கோவா வைஸ்ராய் ஆங்கிலேயரோட சமாதானம் பண்ணிக்கிட்டார். நாலு வருஷம் கழிச்சு, 1639-ல் பிரான்சிஸ் டே இடம் தேடி வந்தப்போ, சாந்தோமுக்கு ஒட்டின மாதிரி இருந்த மணல் மேட்டைத் தேர்ந்தெடுத்தார். சாந்தோம்காரங்களும் விரட்டலை, வரவேற்கத்தான் செஞ்சாங்க. நாம வருஷா வருஷம் கொண்டாடுற ஆகஸ்ட் 22 அந்தக் கதைதான். போர்ச்சுகல் பிரிஞ்சது 1640 டிசம்பர்ல. அதாவது மெட்ராஸ் பிறந்தப்போ பக்கத்து வீட்டுக்காரர் சாட்சாத் ஸ்பெயின் ராஜா! சாந்தோம்ல இருந்து நிறையப் பேர் கோட்டைப் பக்கம் குடிபோக, புது ஊர் வளர்ந்தது, பழைய ஊர் தேய்ஞ்சது. கோல்கொண்டா, பிரெஞ்சு, டச்சுன்னு கை மாறி, 1749-ல் ஆங்கிலேயர் கையில விழுந்தது.

நம்மாளுங்க ஸ்பானிஷ் கடலோர ஊருக்குப் போன கதையும் இருக்கு. 1762-ல் ஸ்பெயினோட கையில இருந்த மணிலாவைப் பிடிக்க ஆங்கிலேயர் படை கிளம்பினது நம்ம மெட்ராஸ்ல இருந்துதான். கூடப் போன சிப்பாய்கள்ல சில பேர் திரும்பி வரவே இல்லை. மணிலா பக்கத்துல காயின்தாங்கிற ஊர்ல கல்யாணம் பண்ணிக்கிட்டு அங்கயே தங்கிட்டாங்க. அவங்க சந்ததி இன்னும் அங்க இருக்கு. விசா இல்லாம போய் வீடே கட்டிக்கிட்டாங்க!

இதையெல்லாம் அப்பாகிட்ட உற்சாகமா ஒப்பிச்சேன். முழுசா கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டார்: "கோயில் எங்க போச்சுன்னு உன் புத்தகத்துல இருக்கா?"

அப்பா மாட வீதியில வளர்ந்தவர். பழைய கபாலீஸ்வரர் கோயில் கடலோரம் இருந்தது, போர்ச்சுகீசியர் இடிச்சுட்டாங்கன்னு அவங்க பாட்டி சொல்லிக் கேட்டவர். அருணகிரிநாதர் கடலோர மயிலையைத்தான் பாடியிருக்கார். சாந்தோம் சர்ச் பக்கம் கோயில் கல்வெட்டுத் துண்டுகள் கிடைச்சிருக்கு. கோயில்களை இடிக்கிறாங்கன்னு புகார் போய், 1559-ல் விஜயநகரத்து ராமராயரே படையோட வந்து சாந்தோம்காரங்ககிட்ட அபராதம் வாங்கினார். இதெல்லாம் பிலிப் தலையெடுக்கிறதுக்கு முன்னாடி. இப்ப நாம கும்பிடுற கோயில் பின்னாடி கட்டினது. நான் பாட்டுக்கு ராஜா, கப்பல், கோட்டைன்னு ஜாலியா சொல்லிட்டிருந்தேன். இந்த ஒரு விஷயத்தை "அப்புறம் சொல்லலாம்"னு தாண்டிப் போயிருந்தேன். சுருக்குன்னு இருந்தது.

அடுத்த ஞாயித்துக்கிழமை சாயந்திரம் அப்பாவைக் கூட்டிக்கிட்டு எல்லாரும் சாந்தோம் போனோம். இப்ப இருக்கிற சர்ச் 1896-ல் ஆங்கிலேயர் காலத்துல கட்டி முடிச்சது. போர்ச்சுகீசியர் கட்டின சர்ச்சையும் இடிச்சுட்டுத்தான் இதைக் கட்டினாங்க. அதைச் சொன்னதும் அப்பா, "பாவம், அவங்களுதும் போச்சா"ன்னார். கிண்டலா நிஜமான்னு தெரியலை. சர்ச்சுக்குப் பின்னாடி மணல்ல மடக்கு நாற்காலி போட்டு உட்கார வெச்சோம். பையன் சுண்டல் வாங்கிட்டு வந்தான். இருட்டுற வரைக்கும் அப்பா அலையையே பார்த்துட்டிருந்தார்.

கிளம்பும்போது சொன்னார்: "அடுத்த வருஷம் நீங்க போய்ட்டு வாங்கடா. நான் உங்க அத்தை வீட்டுல இருந்துக்கறேன்."

எக்ஸெல் ஷீட்டை இன்னும் அழிக்கலை. எந்த வரியையும் கூட்டவும் இல்லை.

கொசுறு: அன்னிக்குக் கிளம்பும்போது தங்கமணி போட்ட சத்தம்: "அலமாரி சாவி மேசை மேல இருக்கு, ஜன்னலைச் சாத்திட்டு வாங்க!" இதுல அலமாரி, சாவி, மேசை, ஜன்னல் நாலுமே போர்ச்சுகீசியம் தந்த சொல். மேசைக்கு ஸ்பானிஷ்லயும் 'மேசா'தான். அதனால மாலகா போனா ஹோட்டல்ல மேசை கேட்கிற வரைக்கும் சமாளிச்சுடுவோம். தயிர் சாதம் கேட்கிறதுதான் கஷ்டம் :-)