ஆங்கிலச் சொற்களின் தலையும் வாலும்

ஒரு நாட்டின் வரலாற்றைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் மட்டுமன்றி, அந்நாட்டார் வழங்கும் சொற்களிலும் தேடலாம். ஆங்கிலச் சொற்களின் முன்னே நிற்கும் ஒட்டுக்களும் பின்னே நிற்கும் விகுதிகளும் அத்தகைய சான்றுகளாகும்.

பழைய ஆங்கில மக்கள் தம் சொந்த விகுதிகளைக் கொண்டே சொல்வளம் பெருக்கினர். கட்டற்றது என்னும் பொருளுடைய 'பிரீ' என்பதனோடு 'டம்' சேர, விடுதலையைக் குறிக்கும் 'பிரீடம்' பிறந்தது. குழந்தையைக் குறிக்கும் 'சைல்ட்' என்பதனோடு 'ஹூட்' சேரக் குழந்தைப் பருவம் பெயர் பெற்றது. இவ்விகுதிகள் ஆதியில் தனிச்சொற்களே. முன்னது தீர்ப்பு என்றும், பின்னது நிலை என்றும் பொருள்பட்டன. காலப்போக்கில் அவை பிற சொற்களைச் சார்ந்து வாழலாயின.

1066ஆம் ஆண்டில் ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் நோர்மானியர் வென்றனர். அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி கோலோச்சிற்று. அம்மொழிச் சொற்கள் திரளாகப் புகுந்தன. அவற்றுட் பலவற்றின் இறுதியில் 'ஏபிள்' என்னும் விகுதி நிற்கக் கேட்ட மக்கள், அதன் பொருளை உணர்ந்து தம் சொற்களிலும் பொருத்தினர். படித்தலைக் குறிக்கும் தூய ஆங்கிலச் சொல்லாகிய 'ரீட்' என்பதிலிருந்து, படிக்கத்தக்கது எனப் பொருள்படும் 'ரீடபிள்' தோன்றியது இவ்வாறேயாம். மறுபுறத்தில், அழகு எனப் பொருள்படும் பிரெஞ்சு வழிச் சொல்லாகிய 'பியூட்டி', ஆங்கில விகுதியாகிய 'ஃபுல்' என்பதை ஏற்று 'பியூட்டிஃபுல்' ஆயிற்று. நம்பவொண்ணாதது எனப் பொருள்படும் 'அன்பிலீவபிள்' என்னும் சொல்லை நோக்குங்கள்: தலையும் உடலும் ஆங்கிலம், வால் மட்டும் பிரெஞ்சு.

இழப்பும் இல்லாமலில்லை. எதிர் என்னும் பொருள் தந்த 'வித்' என்னும் பழைய முன்னொட்டு, எதிர்த்து நிற்றலைக் குறிக்கும் 'வித்ஸ்டாண்ட்' போன்ற சில சொற்களில் எஞ்சியுள்ளதேயன்றி, இன்று புதுச்சொற்களை ஆக்குவதில்லை.

இக்கலப்பைக் கண்டு வருந்தியோரும் உளர். கேம்பிரிட்ஜில் கிரேக்கப் பேராசிரியராக விளங்கிய சேர் ஜோன் சீக் அவர்களுள் ஒருவர். விவிலியத்தை மொழிபெயர்க்கையில், நூற்றுவர் தலைவனைக் குறிக்கும் இலத்தீன் வழிச் சொல்லை விலக்கி, நூறு என்னும் ஆங்கிலச் சொல்லோடு 'அர்' விகுதி கூட்டி 'ஹண்ட்ரடர்' என அவர் எழுதினார். அச்சொல் நிலைக்கவில்லை. 1557இல் எழுதிய கடிதமொன்றில், ஆங்கிலம் தூயதாய், கலப்பற்றதாய் இருத்தல் வேண்டுமென்று அவர் வற்புறுத்தினார். ஆனால், தூய்மைக்கு அவர் ஆண்ட 'பியூர்' என்னும் சொல்லே பிரெஞ்சு வழி வந்தது. கலப்பற்றது எனற்கு அவர் ஆண்ட 'அன்மிக்ஸ்ட்' என்பதிலோ முன்னொட்டு மட்டுமே ஆங்கிலம். எஞ்சியது இலத்தீன் வழியது!

எனினும், சீக்கின் கவலை வீணானதென்று நகையாடல் முறையன்று. தன் விகுதிகளைக் கைவிடும் மொழி, புதுச்சொல் ஆக்கும் திறனையும் இழக்கும். ஆங்கிலம் அயல் விகுதிகளை ஏற்றபோதும், தனக்குரிய 'அன்', 'நெஸ்', 'ஃபுல்' முதலியவற்றை இடையறாது வழங்கிவந்தது. வந்த சொல் விருந்தாளி. வந்த விகுதியோ, புதிய சொற்களை ஈன்று குடும்பத்தை வளர்க்கும் மருமகள். வீட்டார் தம் வீட்டிலேயே வாழ்ந்தமையால்தான் மருமகளும் அவ்வீட்டுக்கு உரியவளானாள் என்பதே ஆங்கில மொழி வரலாறு நமக்குணர்த்தும் உண்மையாகும்.