ரோஸ் குஞ்சும் அடைக்கோழியும்

நான்காம் வகுப்புக் கோடை விடுமுறையில், ராசிபுரம் சந்தையில் அடம்பிடித்து மூன்று கோழிக்குஞ்சுகள் வாங்கினேன். ஒன்று ரோஸ், ஒன்று பச்சை, ஒன்று ஆரஞ்சு. நைன்டீஸில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சைக்கிள் கேரியரில் பெரிய கூடை, மேலே வலை, உள்ளே சாயம் போட்ட குஞ்சுகள் கீச்கீச்சென்று கத்தும். வீட்டுக்குக் கொண்டுபோய் அட்டைப்பெட்டியில் விட்டு அரிசி தூவுவோம். இரண்டாம் நாள் காலையில் ஒன்று காலை நீட்டிக்கொண்டு கிடக்கும். நான்காம் நாள் பெட்டி காலி. ஒரு தலைமுறையே முதல் சாவை அந்த அட்டைப்பெட்டிக்குள்தான் பார்த்தது என்று நினைக்கிறேன்.

நாங்கள் அன்று அம்மாயி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பச்சை பஸ்ஸிலேயே செத்துப்போனது. மற்ற இரண்டையும் அம்மாயி உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள்.

"ஏஞ்சாமி, தாயில்லாத குஞ்ச எதுக்கு வாங்கியாந்த?"

பிறகு அவள் செய்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். வீட்டில் ஒரு செவலைக்கோழி அடையிலிருந்து இறங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. பதினொரு குஞ்சு. பகலில் அம்மாயி ஒன்றும் செய்யவில்லை. நன்றாக இருட்டிய பிறகு, விளக்கில்லாமல் போய், பஞ்சாரத்தை லேசாகத் தூக்கி, ரோஸையும் ஆரஞ்சையும் ஒவ்வொன்றாகக் கோழியின் இறக்கைக்கு அடியில் செருகினாள். கோழி தொண்டைக்குள் ஒரு முனகல் முனகியது. அவ்வளவுதான். "ராத்திரில அதுக்கு எண்ணத் தெரியாது" என்றாள்.

காலையில் ஆரஞ்சைக் கோழி கொத்தியிருந்தது. அது பிழைக்கவில்லை. ரோஸ் மட்டும் பதினொரு குஞ்சுகளோடு பன்னிரண்டாவதாக ஓடியது.

அம்மாயி கேட்ட கேள்விக்கு அன்று எனக்குப் பதில் தெரியாது. அந்தக் குஞ்சுக்கு ஏன் தாயில்லை? இருபது வருஷம் கழித்து அதைத் தேடிப் போனால், பதில் எகிப்தில் போய் நிற்கிறது.

அதற்கு முன்னால் அடைக்கோழியைப் பார்க்க வேண்டும். நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு முடிக்கும். பிறகு ஒருநாள் கூட்டைவிட்டு எழ மறுக்கும். கிட்டே போனால் இறகை உப்பிக்கொண்டு உறுமும். கொண்டை வெளிறும். வயிற்றுப் பக்கம் இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரியும். அந்தத் தோல்தான் முட்டையைத் தொடும். அம்மாயி கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, ஒற்றைப்படையில் முட்டை அடுக்கி, ஓரத்தில் ஒரு கரித்துண்டு, ஒரு வரமிளகாய், ஓர் இரும்பு ஆணி வைப்பாள். இடிச் சத்தத்தில் முட்டை கெடாமல் இருக்கவாம். பிறகு இருபத்தொரு நாள். கோழி தினமும் ஒரேயொரு முறை இறங்கும். கொஞ்சம் தீனி, தண்ணீர், ஒரு மண்குளியல். முட்டை ஆறுவதற்குள் திரும்பிவிடும். நாள் முழுக்க அலகால் முட்டைகளைத் திருப்பிக்கொண்டே இருக்கும், இல்லாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். கடைசி இரண்டு நாள் முட்டைக்குள்ளிருந்து குஞ்சு சத்தம் கொடுக்கும், வெளியிலிருந்து கோழி பதில் சொல்லும். பொரியாமல் மிஞ்சுவது கூமுட்டை. பள்ளியில் நாங்கள் வாங்கிய பட்டம் இங்கிருந்து வந்ததுதான்.

இதில் முக்கியமான ஒரு விஷயம் உண்டு. முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் இரண்டு வாரம் இடைவெளி இருந்தாலும் கோழி உட்காரும் வரை கரு வளராது. அதனால் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றாகப் பொரியும். கிட்டத்தட்டத்தான். முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் ஒருநாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதுவரை தாய் எழுந்திருக்காது. முதலில் பிறந்தது பசிக்கு என்ன செய்யும்? ஓட்டை உடைப்பதற்குச் சற்று முன்னால்தான் குஞ்சு மிச்சமிருக்கும் மஞ்சள்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அதை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் தீனியில்லாமல் இருக்கும். கடைசித் தம்பிக்காக மூத்தது காத்திருக்கக் கொடுத்தனுப்பிய கட்டுச்சோறு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கோழியில்லாமல் பொரிக்க முடியும் என்று முதலில் கண்டுபிடித்தவர்களில் எகிப்தியர்கள் உண்டு. அங்கே சாணக்குவியலில் முட்டை பொரிக்கிறார்கள் என்று கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். பிறகு அது பச்சைச் செங்கல் சூளைகளாக வளர்ந்தது. நடுவில் ஒரு நடை, இருபுறமும் இரண்டடுக்கு அறைகள். கீழே ஆயிரக்கணக்கில் முட்டை, மேலே சாணமும் வைக்கோலும் புகையும் தீ. ஆட்கள் உள்ளே ஊர்ந்துபோய் முட்டைகளைத் திருப்புவார்கள். தெர்மாமீட்டர் கிடையாது. முட்டையை எடுத்துக் கண்ணிமைமேல் வைத்துப் பார்ப்பார்கள். உடம்பிலேயே மெல்லிய தோல் அங்கேதான். கோழி வயிற்றுத் தோலால் பார்ப்பதை மனிதன் இமையால் பார்த்திருக்கிறான். சென்சார்களோடு பிழைப்பு நடத்துகிறவன் என்பதாலோ என்னவோ, இதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

1516இல் வந்த தாமஸ் மூரின் 'உட்டோபியா'விலும் இது வருகிறது. அந்தக் கற்பனைத் தீவில் முட்டைகளை வெப்பத்தில் வைத்துப் பொரிக்கிறார்கள், பிறந்த குஞ்சுகள் மனிதர்களையே தாயென்று நினைத்துப் பின்னால் வருகின்றன. இலட்சிய உலகம் என்றதும் அந்த மனிதருக்குத் தாயில்லாத கோழிக்குஞ்சும் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

பிரான்சில் ரியோமூர் இதை ஓர் அறிவியல் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார். 1730இல் தன் பெயரிலேயே ஒரு வெப்பமானி அளவு உருவாக்கிய மனிதர். பிரமிடுகளைவிட இந்தச் சூளைகளுக்குத்தான் எகிப்து பெருமைப்பட வேண்டும் என்பது அவர் கட்சி. சாண எருவில் பீப்பாய்களைப் புதைத்துப் பொரித்துப் பார்த்தார். ஆரம்பத்தில் எருவின் ஆவி பட்டே கருக்கள் செத்தன. 1749இல் எல்லாவற்றையும் புத்தகமாகப் போட்டார். அதில் என்னை நிறுத்தியது வேறு. பொரித்துவிட்டார், குஞ்சுகளை எங்கே விடுவது? உட்புறம் ஆட்டுத்தோல் ரோமம் வைத்துத் தைத்த பெட்டி ஒன்று செய்தார். அதற்குச் செயற்கைத் தாய் என்று பெயர். குஞ்சுகள் அந்த ரோமத்துக்கடியில் போய் ஒண்டிக்கொள்ளும்.

2020 ஊரடங்கில் நானும் ஒன்று செய்தேன். தெர்மோகோல் பெட்டி, இரண்டு பல்பு, ஒரு தெர்மோஸ்டாட், கணினி மின்விசிறி, செல்போனுக்கு எச்சரிக்கை அனுப்ப இருபது வரி நிரல். 37.5 டிகிரி. பன்னிரண்டு முட்டையில் நான்கு பொரிந்தது. ஈரப்பதத்தில் கோட்டைவிட்டேன், கரண்டும் இரண்டு முறை போனது. போனில் அம்மாயிடம் சொன்னேன். "எட்டு உசுரா?" என்று மட்டும் கேட்டாள்.

கலிஃபோர்னியாவின் பெடலூமா ஊரில், லைமன் பைஸ் என்பவரும் ஐசக் டயஸ் என்ற பல் மருத்துவரும் சேர்ந்து 1879 வாக்கில் நம்பகமான இன்குபேட்டர் ஒன்றை உருவாக்கினார்கள். அந்தச் சிறு ஊர் சில பத்தாண்டுகளில் உலகின் முட்டைக்கூடை என்று தனக்குப் பட்டம் சூட்டிக்கொள்ளுமளவு வளர்ந்தது. பொரிப்பது தனித் தொழிலானது. ஆனால் பொரித்ததைத் தூரத்து விவசாயியிடம் சேர்ப்பது எப்படி? வழியில் தீனி போட முடியாது, தண்ணீர் வைக்க முடியாது.

அங்கேதான் அந்தக் கட்டுச்சோறு வருகிறது. 1918இல் அமெரிக்க அஞ்சல் துறை ஒருநாள் குஞ்சுகளைப் பார்சலில் அனுப்ப அனுமதித்தது. அட்டைப்பெட்டி, காற்றுக்குத் துளைகள், ரயில். இரண்டு மூன்று நாள் பயணம். வயிற்றிலிருக்கும் மஞ்சள்கரு தாங்கும். கடைசி முட்டைக்காகத் தாய் காத்திருக்கும் அந்த இடைவெளியில், ஒரு தபால் துறையே நுழைந்துவிட்டது. தாயை விலக்கிய தொழில் தாயின் பொறுமைக்காக உண்டான ஏற்பாட்டின் மேல்தான் ஓடியது. இன்றைக்கும் ஹேச்சரி வண்டிகள் அந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன.

இன்குபேட்டர் வந்ததும் அடை ஒரு நோயானது. அடையிருக்கும் கோழி முட்டையிடாது. அதனால் அடையே உட்காராத இனத்துக்கு மவுசு கூடியது. இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தால் பெயர் பெற்ற வெள்ளை லெகார்ன் அப்படிப்பட்டது. பெடலூமாவை நிரப்பியதும் அதுதான். அடையில் உட்காராதவை விருத்திக்கு, உட்காருபவை குழம்புக்கு. பல தலைமுறை இப்படிக் கழித்தால் என்ன மிஞ்சும்? 1935இல் ஆஸ்கர் ரிடிலும் அவரது சகாக்களும் புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கொடுத்தால் கோழி அடையில் உட்காரும் என்று காட்டினார்கள். பாலூட்டிகளில் பால் சுரக்க வைக்கும் அதே ஹார்மோன்.

டார்வின் 1868இல் வந்த புத்தகத்தில் சொன்ன விஷயம் எனக்கு இதைவிடப் பிடிக்கும். அடை உட்காராத இரண்டு வெவ்வேறு இனங்களைக் கலந்தால், பிறக்கும் பெட்டைகள் சில சமயம் அருமையாக அடை காக்கின்றன. அம்மாவுக்கும் தெரியாது, அப்பன் வழியிலும் கிடையாது, பிள்ளை உட்காருகிறது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், நிரலை யாரும் அழிக்கவில்லை, கமெண்ட் போட்டு மூடி மட்டும் வைத்திருக்கிறார்கள்.

இதை வில்லன் கதையாக்க எனக்கு விருப்பமில்லை. அம்மாயியே அடையைக் கலைப்பவள்தான். வீட்டில் முட்டை தேவைப்படும்போது கோழி அடைக்கு உட்கார்ந்தால் தண்ணீரில் முக்குவாள். அப்படியும் தெளியாவிட்டால் அதன் இறகையே பிடுங்கி மூக்குத் துளையில் குத்திவிடுவாள். கோழி இரண்டு நாள் தலையை உதறிக்கொண்டு திரியும். எனக்குப் பார்க்கச் சகிக்காது. அவளுக்கும் பெடலூமாக்காரர்களுக்கும் கணக்கு ஒன்றுதான். நாட்டுக்கோழி வருஷத்துக்கு அறுபது முட்டை இட்டால் பெரிது. லெகார்ன் வழி வந்த பண்ணைக்கோழி முந்நூறைத் தாண்டும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த இருநூற்றுச் சொச்சம் முட்டைதான் நாமக்கல். 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுத் திட்டத்தில் பின்னாளில் முட்டை சேர்ந்தது, அதை வரிசையில் நின்று வாங்கித் தின்றவன் நான். எந்த அடைக்கோழியாலும் அந்த வரிசைக்கு முட்டை போட்டிருக்க முடியாது.

ஆனால் அந்த முந்நூறு முட்டைக்கு ஒரு பாதி உண்டு. லெகார்ன் சேவல் முட்டையிடாது, கறிக்கும் தேறாது. பிறந்தவுடன் பெட்டையையும் சேவலையும் பிரிக்கும் வித்தையை 1920, 30களில் ஜப்பானியர்கள் உலகுக்குக் கொடுத்தார்கள். குஞ்சின் ஆசனவாயை விரலால் பிதுக்கிப் பார்த்து ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள். பெட்டைகள் பண்ணைக்கு. சேவல்களைப் பெரும்பாலும் அன்றே கொன்றுவிடுவார்கள். ஜெர்மனி 2022இல் இதைத் தடைசெய்தது. நம்மூரில் அப்படிக் கழித்ததில் ஒரு பகுதி சாயத்தொட்டிக்குப் போய், அங்கிருந்து சைக்கிள் கூடைக்கு வந்தது.

ஆக, நான் சந்தையில் வாங்கியது அதுதான். வயிற்றிலிருந்த மஞ்சள்கரு தீரும் நேரத்தில், ரோஸ் சாயத்தோடு, யாருக்கும் தேவைப்படாத ஒரு சேவல்.

அந்த மே மாதம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாயி சாயங்காலம் பழைய பானையில் சாணமும் கிழிந்த சாக்கும் அடைத்துக் கரையான் இருக்கும் இடத்தில் கவிழ்த்து வைப்பாள். விடிகாலையில் அதைத் தூக்கித் தட்டினால் பானை நிறையக் கரையான். செவலை ஒன்றைக் கொத்தி, தின்னாமல் கீழே போட்டு, கொக்கொக்கென்று கூப்பிடும். ரோஸ் முதல் நாளிலிருந்தே அந்தச் சத்தத்துக்கு ஓடியது. பருந்து நிழல் விழுந்தால் கோழி வேறொரு சத்தம் கொடுக்கும். உடனே பன்னிரண்டும் இறக்கைக்குள். ரோஸும்தான். எத்தனையோ தலைமுறையாக அதன் வம்சத்தில் ஒரு குஞ்சுகூட அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்காது. இன்குபேட்டர் தட்டிலிருந்து வந்தது, பருந்தென்றால் ஒளிய வேண்டும் என்று யாரிடமும் கேட்கவில்லை.

சாயம் மெல்லக் கழன்றது. ரோஸ் இறகின் நடுவே வெள்ளை முளைத்தது. கொஞ்ச நாள் பார்க்க அசிங்கமாகவே இருந்தது. ஜூனில் பள்ளி திறந்ததும் நான் ஊருக்கு வந்துவிட்டேன்.

ஆடியில் போனபோது முழு வெள்ளையாக, மற்றதைவிட ஒல்லியாக, கொண்டை மட்டும் பெரிதாக நின்றது. நான் கம்பு தூவினேன். குஞ்சுகள் கூட்டமாக வந்தன, செவலையும் வந்தது. அதற்கு மறுபடி முட்டையிடும் காலம் வந்துவிட்டது, இனி குஞ்சுகளைக் கிட்டே சேர்க்காது. முதலில் ஒரு கறுப்புப் பெட்டையைக் கொத்தியது. பிறகு ஒரு செவலைக் குஞ்சை. பிறகு வெள்ளையை, தலையில், மற்றவற்றைக் கொத்திய அதே வேகத்தில். அது கத்திக்கொண்டு முருங்கை மரத்தடிக்கு ஓடியது. மற்ற பதினொன்றும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தன.

"தாயி பிரிச்சு உட்ருச்சு" என்றாள் அம்மாயி திண்ணையிலிருந்து. "இனி அதது பாடு."