வாஷிங்டன் வானத்தில் ஒரு வேலி

கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத ஒரு சிறிய விமான நிலையம். இரண்டு பேர் உட்காரக்கூடிய விமானம். வானம் தெளிவாக இருந்தால், யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் பறந்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். அமெரிக்காவின் தனியார் விமானிகள் பல காலமாக இப்படித்தான் பறந்து வந்தார்கள். நாட்டின் பெரும்பகுதியில் இன்றும் அப்படித்தான். ஆனால் தலைநகர் வாஷிங்டனைச் சுற்றி மட்டும் கதையே வேறு!

வெள்ளை மாளிகைக்கும் நாடாளுமன்றக் கட்டிடத்துக்கும் நேர் மேலே பறப்பது முன்பிருந்தே தடை. இருந்தாலும் 1994 செப்டம்பர் 12 அன்று திருடப்பட்ட செஸ்னா 150 விமானம் ஒன்று வெள்ளை மாளிகையின் புல்வெளியில் வந்து விழுந்தது. ஓட்டியவர் இறந்தார். அதன் பிறகும் சுற்றுப்புறத்தில் பறப்பவர்களுக்குப் பெரிய கெடுபிடி எதுவும் வரவில்லை.

எல்லாவற்றையும் மாற்றியது 2001 செப்டம்பர் 11. அன்று காலை 9.45 மணிக்கு, நாட்டின் வானில் இருக்கும் எல்லா விமானங்களும் உடனே தரையிறங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. சுமார் 4,500 விமானங்கள் இறங்கின. இரண்டு நாளில் பயணிகள் விமானங்கள் மெல்லப் பறக்கத் தொடங்கின. தலைநகரை ஒட்டிய சிறு விமானங்களுக்கோ விடுதலை கிடைக்கவில்லை.

அதிகம் அடிபட்டவை மேரிலாந்தில் அப்போது இருந்த மூன்று சிறு நிலையங்கள்: காலேஜ் பார்க், பொடோமாக், ஹைட் ஃபீல்டு. இதில் காலேஜ் பார்க் சாதாரண இடமல்ல. 1909-இல் வில்பர் ரைட் ராணுவ அதிகாரிகளுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த இடம் அது. உலகில் தொடர்ந்து இயங்கிவரும் விமான நிலையங்களில் மிகப் பழமையானது. 2002 தொடக்கத்தில் மூன்றும் மீண்டும் திறக்கப்பட்டபோது, அங்கே விமானம் வைத்திருந்தவர்கள் கைரேகை கொடுத்து, பின்னணி விசாரணையில் தேறி, ரகசிய எண் பெற்ற பிறகுதான் பறக்க முடிந்தது. வெளியூர் விமானிகள் அங்கே இறங்க 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2003 பிப்ரவரியில், ஈராக் போருக்குச் சற்று முன்பு, தலைநகரைச் சுற்றி இன்னும் பெரிய பாதுகாப்பு வளையம் போடப்பட்டது. உள்ளே நுழைய மூன்று நிபந்தனைகள். ஒன்று, முன்கூட்டியே பயணத் திட்டம் தர வேண்டும். இரண்டு, அந்தப் பயணத்துக்கென்றே தரப்படும் நான்கு இலக்கக் குறியீட்டை விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் ஒலிபரப்ப வேண்டும். மற்ற இடங்களில் கண்பார்வையை நம்பிப் பறப்பவர்கள் எல்லோரும் பயன்படுத்தும் 1200 என்ற பொது எண் இங்கே செல்லாது. மூன்று, கட்டுப்பாட்டு அதிகாரியுடன் ரேடியோ தொடர்பு இருக்க வேண்டும்.

கேட்க எளிது. ஆனால் பழக்கத்தில் 1200 போட்டவர், காற்றில் பாதை விலகியவர் என்று நூற்றுக்கணக்கானோர் மாட்டினார்கள். பெரும்பாலும் தெரியாமல் செய்த தவறுகளே. 2004 ஜூனில் முன்னாள் அதிபர் ரீகனின் இறுதி நிகழ்ச்சிக்காக வந்த கென்டக்கி மாநில ஆளுநரின் விமானமே சந்தேகத்துக்குள்ளானது! அனுமதி பெற்றுத்தான் வந்தார்கள். டிரான்ஸ்பாண்டர் சரியாக வேலை செய்யவில்லை, அந்தத் தகவல் உரியவர்களிடம் போய்ச் சேரவில்லை. விளைவு, நாடாளுமன்றக் கட்டிடத்திலிருந்து எல்லோரும் ஓட வேண்டியதாயிற்று.

2005 மே 11 அன்று நடந்தது இன்னும் பெரிது. பென்சில்வேனியாவிலிருந்து வட கரோலினாவில் நடந்த விமானக் கண்காட்சிக்குக் கிளம்பிய செஸ்னா 150 ஒன்று வழிதவறித் தலைநகரின் மையத்தை நெருங்கியது. வெள்ளை மாளிகையும் நாடாளுமன்றமும் காலி செய்யப்பட்டன. எஃப்-16 போர் விமானங்கள் எச்சரிக்கைச் சுடர்களை வீசின. கடைசியில் விமானம் திரும்பி, மேரிலாந்தில் பத்திரமாகத் தரையிறங்கியது. அதே மாதம், வழிதவறி வருபவர்களுக்குத் தரையிலிருந்து சிவப்பு, சிவப்பு, பச்சை என்று லேசர் ஒளி காட்டி எச்சரிக்கும் முறை செயல்படத் தொடங்கியது.

அந்த ஆண்டு, இந்த வளையத்தை நிரந்தரமாக்கப் போவதாக அரசு அறிவித்ததும் 20,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்து குவிந்தன, பெரும்பாலும் எதிர்ப்புகள். ஒரு காரைவிட எடை குறைந்த விமானத்தால் என்ன பெரிய நாசம் வந்துவிடும் என்பது விமானிகளின் கேள்வி. அரசு அசையவில்லை. 2009 பிப்ரவரி 17 முதல் விதி நிரந்தரமானது. வளையத்தின் ஆரம் 30 கடல் மைல், அதாவது சுமார் 55 கிலோமீட்டர். 60 கடல் மைலுக்குள் கண்பார்வை விதிகளின்படி பறக்கும் விமானிகள் எல்லோருக்கும் சிறப்புப் பயிற்சி கட்டாயமானது.

இத்தனைக்குப் பிறகும் 2015 ஏப்ரல் 15 அன்று ஒரு தபால்காரர், நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தரக் கடிதங்களை எடுத்துக்கொண்டு, சின்னஞ்சிறு கைரோகாப்டரில் வந்து நாடாளுமன்றப் புல்வெளியிலேயே இறங்கினார்!

அப்படியானால் இந்த வேலியால் யாருக்குப் பயன்? மீற நினைப்பவன் மீறுகிறான், நேர்மையானவன் மாட்டுகிறான் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு கணக்கையும் பார்க்க வேண்டும். மணிக்கு 100 கடல் மைல் வேகத்தில் வரும் சிறு விமானம் வளையத்தின் விளிம்பிலிருந்து மையத்தை அடைய 18 நிமிடம் ஆகும். வருபவன் எதிரியா, வழிதவறியவனா என்று கண்டுபிடிக்கக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான். 2005-இல் அந்தச் செஸ்னாவில் இருந்த இருவரும் உயிரோடு தரையிறங்க முடிந்ததும் அப்படிக் கிடைத்த சில நிமிடங்களால்தான். விமானியின் சுதந்திரத்தைப் பறித்த அதே வேலிதான், தவறு செய்த விமானியின் உயிரையும் காப்பாற்றியது.