கிண்டியின் அளவைக் கலையும் காவிரி மணலும்

திருக்கோயில் திருப்பணி என்றவுடன் மெய்யன்பர்களின் உள்ளம் விண்ணளாவிய கோபுரத்தையும் அதன் உச்சியில் ஒளிரும் கலசங்களையும் நினைந்து உருகுதல் இயல்பே. ஆயின் அக்கோபுரம் நிற்பது மண்ணின்மேல் என்பதும், அம்மண்ணின் இயல்பறியாது எழுப்பிய கட்டடம் எத்துணைப் பொருட்செலவில் எழினும் நிலைபெறாது என்பதும் ஸ்தபதியரும் பொறியாளரும் ஒருங்கே உணர்ந்த உண்மை. கலசத்துக்கு உபயம் எழுதப் பலர் முன்வருவர். வானம் தோண்டுவதற்கு உபயம் எழுதுவோர் அரியர்.

இதனை எண்ணிப் பார்ப்பதற்குக் கிண்டி தக்கதோர் இடமாகும். ஒருபுறம் பரங்கிமலையின் கருங்கற் பாறை. மறுபுறம் அடையாறு கொணர்ந்து குவித்த வண்டல். சிறு தொலைவுக்குள்ளேயே நிலத்தின் தன்மை முற்றிலும் மாறிவிடுகிறது. பாரத நாடு முழுவதையும் அளந்த பெருமுயற்சி தொடங்கியதும் இப்பகுதியிலேதான். 1802-ஆம் ஆண்டு லாம்டன் என்பார் பரங்கிமலையினருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலி கொண்டு பொறுமையாக அளந்தார். அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்பே, 1794-இல், மைக்கேல் டாப்பிங் என்ற வானநூலறிஞரின் முயற்சியால் சென்னையில் எட்டு மாணவருடன் நில அளவைப் பள்ளி ஒன்று தோன்றியது. அதுவே நாளடைவில் பொறியியற் கல்லூரியாக வளர்ந்து, 1920-இல் சேப்பாக்கத்தினின்று கிண்டிக்குப் பெயர்ந்தது. 1978-இல் அண்ணா பல்கலைக் கழகத்தின் அங்கமாயிற்று.

முதலில் அளந்தறிதல், பின்னரே கட்டுதல் என்னும் முறையை அப்பள்ளியின் பிறப்பே காட்டுகிறது. டாப்பிங் கிருஷ்ணை, கோதாவரி ஆறுகளின் கழிமுகங்களை அளந்தார், 1796-இல் மறைந்தார். கோதாவரியின் குறுக்கே தவளேசுவரத்தில் ஆர்தர் காட்டன் அணை எழுப்பியதோ 1847 முதல் 1852 வரையுள்ள காலத்தில். இடையே அரை நூற்றாண்டு கடந்தது. இத்தனை காலத்துக்கு முந்திய அளவையை வீண் செலவென்று கருதினோரும் அக்காலத்தில் இருந்திருக்கக் கூடும்!

காட்டனுக்கு இத்துணிவைத் தந்தது காவிரியே. முக்கொம்பில் காவிரியினின்று பிரியும் கொள்ளிடம் சரிவு மிகுந்தது. ஆதலின் நீரையெல்லாம் அதுவே ஈர்த்துக்கொண்டது. காவிரியோ மணல் மேடிட்டுப் போயிற்று. தஞ்சை வயல்கள் வாடலாயின. கொள்ளிடத்தைத் தடுத்து நிறுத்த வேண்டும். ஆனால் தோண்டத் தோண்ட மணலே அன்றிப் பாறை கிட்டவில்லை. அந்நிலையில் அவருக்கு ஆசானாக அமைந்தது, கரிகாற் சோழன் பெயரால் வழங்கும் கல்லணை. ஏறத்தாழ 1,080 அடி நீளமுள்ள அவ்வணையை எடுத்தோர் பாறையைத் தேடி அலையவில்லை. பெருங்கற்களை மணலிலே இட்டனர், அவை அமிழ்ந்தன, அவற்றின்மேல் மீண்டும் கல்லிட்டனர். இனி அமிழாது என்னும் நிலை எய்திய பின்னரே மேலே கட்டினர். ஆழம் காணவொண்ணாத மணலில் அடித்தளம் அமைக்கும் வித்தையைத் தாம் இம்மக்களிடமிருந்தே கற்றதாகக் காட்டன் வெளிப்படையாக எழுதினார். வெற்றி கொண்டவர் தோற்ற நாட்டாரின் அறிவை ஒப்புக்கொள்ளுதல் அக்காலத்தில் அரிது.

1836-இல் மணலில் இறக்கிய கிணறுகளின்மேல் மேலணை எழுந்தது. நீர் விழுமிடத்தில் மணல் அரிக்கப்படாதவாறு கற்றளமும் பரப்பப்பட்டது. எனினும் ஓர் இடரை நீக்கியபோது மற்றோர் இடர் முளைத்தது. கொள்ளிடம் தடுக்கப்படவே காவிரியில் நீர் மிகுந்து பாய்ந்து ஆற்றின் அடியை அரித்தது. கொள்ளிடத்திலோ மணல் ஏறியது. வறட்சிக்கு அஞ்சிய தஞ்சை, வெள்ளத்துக்கு அஞ்ச வேண்டியதாயிற்று. ஆகவே பத்தாண்டுகள் கழியுமுன்னரே அணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தவும், காவிரியின் தலைப்பில் அடித்தடுப்பு ஒன்று அமைக்கவும் நேர்ந்தது. கட்டி முடித்ததும் கணக்கை மூடிவிட்டுச் சென்றிருப்பின் அவ்வணை நாட்டுக்குத் தீமையாகவே முடிந்திருக்கும். ஆற்றின் போக்கை ஆண்டுதோறும் நோக்கி நின்றமையாலேயே அது பயன் தந்தது.

முக்கொம்புக்கும் கல்லணைக்கும் இடைப்பட்ட தீவிலேதான் அரங்கநாதப் பெருமான் பள்ளிகொண்டருள்கின்றார். அத்திருத்தலத்துத் தெற்கு இராஜகோபுரம் அச்சுததேவராயர் காலத்தில் தொடங்கப்பெற்று, நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக அடிநிலையோடு நின்றிருந்தது. அகோபில மடத்து 44-ஆம் பட்டம் ஜீயர் சுவாமிகள் திருவுளம் கொண்டு 1979-இல் பணியைத் தொடங்கச் செய்ய, அடியார் பலரின் பொருளுதவியால் 13 நிலைகளும் 236 அடி உயரமும் கொண்டதாய் அது நிறைவெய்தி, 1987-ஆம் ஆண்டு மார்ச்சு 25-இல் குடமுழுக்குக் கண்டது. முன்னோர் இட்ட அடிநிலையின்மேல் புதுப் பாரம் ஏற்றுவோர்க்குப் பக்தியோடு கணக்கும் வேண்டும். அது தாங்குமா என்ற வினாவுக்கு விடை கண்ட பின்னரே ஒரு செங்கல்லும் ஏறுதல் முறை.

காலம் கடந்து நின்றதனாலேயே ஒரு கட்டடம் இனியும் நிற்கும் என்பதில்லை. கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய திருக்காளத்தி இராஜகோபுரம் 2010-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் இரவு சரிந்து வீழ்ந்தது. விரிசல்கள் பெருகியதைக் கண்டோர் முன்னரே மக்களை அவ்விடத்தினின்று அகற்றியிருந்தமையால் பெரும் உயிர்ச்சேதம் தவிர்ந்தது. ஐந்து நூற்றாண்டுக் கோபுரம் போயிற்று, அடியார்கள் பிழைத்தனர். அவ்விடத்திலேயே புதிய கோபுரம் எழுந்து 2017-இல் குடமுழுக்கு நிகழ்ந்தது.

முக்கொம்பிலும் அவ்வாறே. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் இரவு, காவிரியில் பெருவெள்ளம் வந்த காலத்தில், 182 ஆண்டுகள் பணிசெய்த மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. கல்லும் மணல் மூட்டையும் இட்டு உடைப்பை அடைத்தனர். பின்னர்ப் பழைய அணைக்குச் சற்றுக் கீழே, அதே மணலில், புதிய கதவணை கட்டப்பெற்றது.