தாஷ்கண்டில் பாரதியின் தோழர்

பாரதியின் ‘புதிய ருஷ்யா’ லெனினின் புரட்சியைப் பாடியது என்றே பலரும் இன்றும் எழுதுகின்றனர். ‘ஜார் சக்கரவர்த்தியின் வீழ்ச்சி’ என்னும் அதன் துணைத்தலைப்பே அவ்வெண்ணத்தைத் திருத்தப் போதுமானது. இரண்டாம் நிக்கோலஸ் முடிதுறந்தது 1917 மார்ச்சில். அப்போது லெனின் ஸ்விட்சர்லாந்தில் இருந்தார். நவம்பரில் போல்ஷெவிக்குகள் வீழ்த்தியது ஜாரை அன்று, அவருக்குப்பின் வந்த தற்காலிக அரசை.

‘போல்ஷெவிக்’ என்ற சொல்லுக்குப் ‘பெரும்பான்மையர்’ என்பது பொருள். 1903ஆம் ஆண்டுக் கட்சி மாநாட்டின் வாக்கெடுப்பொன்றில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஆனால் 1917 இறுதியில் நடந்த அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் இந்தப் ‘பெரும்பான்மைய’ருக்குக் கிடைத்தது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு வாக்குதான். உழவர்களின் ஆதரவு பெற்ற சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சியே முதலிடம் பெற்றது. 1918 ஜனவரியில் கூடிய அச்சபை ஒரே அமர்வோடு கலைக்கப்பட்டது. நவம்பரில் அவர்கள் கைக்கு வந்தது தலைநகர். நாடு வந்தது உள்நாட்டுப் போரில்.

அப்போரை வென்றது கொள்கையின் கவர்ச்சி மட்டுமே என்பது பிற்காலத்துப் பிரசாரம். ரஷ்யாவின் நடுப்பகுதியும் இருப்புப்பாதைகளின் சந்திப்புகளும் படைக்கலச் சாலைகளும் செம்படையின் கையில் இருந்தன. எதிரிகளோ சைபீரியாவில் கொல்சாக், தெற்கே தெனிக்கின் எனச் சிதறிக் கிடந்தனர். வெள்ளையர் வென்றால் நிலக்கிழார் திரும்பி வருவான் என்ற அச்சம், போல்ஷெவிக்குகளை விரும்பாத உழவனையும் அவர்கள் பக்கமே தள்ளியது. டிராட்ஸ்கி ஜாரின் பழைய படை அதிகாரிகளையே பல்லாயிரக்கணக்கில் பணிக்கு அமர்த்தினார். நகரங்களுக்கும் படைக்கும் சோறிட, சிற்றூர்களில் தானியம் கட்டாயமாகப் பறிக்கப்பட்டது. எதிர்த்தவரைச் சேக்கா என்னும் இரகசியக் காவல் அமைப்பு கவனித்துக்கொண்டது.

இந்த எந்திரத்தை உள்ளிருந்து கண்ட தமிழர் ஒருவர் உண்டு. மைசூர்ச் சீமையில் வேர்கொண்ட தமிழ் வைணவ மண்டயம் மரபினர். 1887இல் சென்னையில் பிறந்தவர். புதுச்சேரியில் ‘இந்தியா’ இதழ்ப் பணியில் பாரதியின் தோழர்: எம்.பி.டி. ஆச்சார்யா. லண்டன், பெர்லின், ஸ்டாக்ஹோம் என அலைந்து, 1919இல் மாஸ்கோவில் லெனினைச் சந்தித்து, காபூல் வழியாக 1920இல் தாஷ்கண்டை அடைந்தார்.

தாஷ்கண்ட் அப்போரின் முரண்களைத் தெளிவாகக் காட்டிய நகரம். 1917இல் அங்கே ஆட்சியைப் பிடித்தவர்கள் ரஷ்ய இரயில்வே தொழிலாளரும் படைவீரருமே. மண்ணின் மக்களான முஸ்லிம்களுக்கு அதில் இடம் அளிக்கப்படவில்லை. அவர்கள் கோகந்தில் நிறுவிய தன்னாட்சி அரசு 1918 பிப்ரவரியில் குருதியில் மூழ்கடிக்கப்பட்டது. அதே ஆண்டில் காஸ்பியன் கடலுக்குக் கிழக்கே, ஆங்கிலேயத் தளபதி மாலிசனின் கீழ் இந்தியச் சிப்பாய்கள் செம்படையோடு பொருதினர். நம்மவர் இரு பக்கத்திலும் இருந்த போர் இது என்பது இங்கே அதிகம் பேசப்படுவதில்லை.

1920 அக்டோபர் 17 அன்று தாஷ்கண்டில் எழுவர் கூடி இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தனர். எம்.என். ராய் அதன் உந்துவிசை; ஆச்சார்யா தலைவராகக் கையொப்பமிட்டார். ஆனால் கட்சி வேறு, விடுதலை வேட்கையர் அனைவரும் சேரத்தக்க சங்கம் வேறு என்ற பூசலில் அவர் ராயோடு முரண்பட்டார். 1921 ஜனவரியில் மத்தியக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். பிறந்து மூன்று மாதமே ஆன, நாட்டுக்கு வெளியே இருந்த ஒரு கட்சி செய்த முதல் வேலைகளில் ஒன்று, தன் தலைவரை விலக்கியது.

இதைத் தனிமனிதப் பகை என்று ஒதுக்குவது எளிது. எனினும் அந்த மார்ச் மாதத்தையும் உடன்வைத்துப் பார்க்க வேண்டும். புரட்சியின் பெருமையாகப் போற்றப்பட்ட கிரான்ஸ்டாட் கடற்படையினர் சுதந்திரமான சோவியத் தேர்தலைக் கேட்டு எழுந்தனர். பத்தாம் கட்சி மாநாடு உட்கட்சி அணிகளைத் தடைசெய்தது. தானியப் பறிப்பையும் கைவிட்டது. மார்ச் 16 அன்று லண்டனில் பிரிட்டனோடு வணிக உடன்பாடு கையொப்பமானது. இந்தியாவில் பிரிட்டனுக்கு எதிரான பிரசாரத்தைச் சோவியத் அரசு நிறுத்தவேண்டும் என்பது அதன் நிபந்தனை. அடுத்த இரு நாட்களில் கிரான்ஸ்டாட் வீழ்ந்தது. தாஷ்கண்டில் இந்தியர்க்கென நடந்த படைப்பயிற்சிப் பள்ளியும் சில மாதங்களில் மூடப்பட்டது.

மாஸ்கோவில் ஓவியர் மக்தா நாக்மனைத் துணையாகக் கொண்ட ஆச்சார்யா, 1922இல் அவரோடு பெர்லினுக்குப் புறப்பட்டார். 1935இல் பம்பாய் திரும்பி, 1954இல் அங்கேயே மறைந்தார். இறுதிவரை அரசின்மைவாதியாகவே எழுதினார்.