காந்தப்புலத்தை அளக்க ஏற்ற புரோப்

காந்தப்புலத்தை அளக்கும் கருவியான காஸ்மீட்டரின் முனையில் உணரியைத் தாங்கி நிற்கும் மெல்லிய தண்டு அல்லது தகட்டுக்குப் புரோப் என்று பெயர். மீட்டர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், புலத்துக்குள் நுழைவது இந்த முனை மட்டும்தான். புலத்தின் அளவு, திசை, அது நிலையானதா மாறுவதா, எவ்வளவு இடத்துக்குள் மாறுகிறது ஆகிய நான்கையும் பார்த்தே புரோப்பைத் தேர்வு செய்ய வேண்டும்.

ஆய்வகங்களிலும் தொழிற்சாலைகளிலும் அதிகம் புழங்குவது ஹால் புரோப். மெல்லிய கடத்தியில் மின்னோட்டம் பாயும்போது, அதன் தளத்துக்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் இருந்தால் பக்கவாட்டில் ஒரு மின்னழுத்தம் தோன்றும். எட்வின் ஹால் 1879இல் தங்கத் தாளில் இதைக் கண்டறிந்தார். இன்றைய புரோப்களில் இருப்பவை குறைகடத்திகள். இண்டியம் ஆன்டிமொனைடு அதிக உணர்திறன் கொண்டது, ஆனால் வெப்பநிலை மாறினால் அளவும் நகரும். காலியம் ஆர்சனைடு அந்த வகையில் நிதானமானது. மில்லிடெஸ்லா முதல் சில டெஸ்லா வரை ஹால் புரோப் போதும்.

பிழைகள் பெரும்பாலும் மின்னணுச் சுற்றில் பிறப்பதில்லை, புரோப்பைப் பிடிக்கும் விதத்தில்தான் பிறக்கின்றன. குறுக்குப் புரோப் தட்டையானது. தட்டைப் பரப்புக்குச் செங்குத்தான புலத்தை அளக்கும். அச்சுப் புரோப் தண்டின் நீளவாக்கில் வரும் புலத்தை அளக்கும். முதுகலை இயற்பியல் மாணவர்கள் குயிங்கே முறையில் காந்த ஏற்புத்திறன் காணும்போது, மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு இடையிலுள்ள குறுகிய இடைவெளியில் நுழைவது குறுக்குப் புரோப்தான். வரிச்சுருளின் உள்ளே அச்சுப் புரோப் வேண்டும். அங்கே குறுக்குப் புரோப்பை நுழைத்தால் சுழிக்கு அருகே எதையோ காட்டும். சாய்வும் ஏமாற்றும்: 5 பாகை சாய்ந்தால் 0.4 சதவீதமும் 10 பாகைக்கு 1.5 சதவீதமும் குறையும். புலத்தின் திசையே தெரியாத இடத்தில் மூவச்சுப் புரோப் வாங்குவது நல்லது.

அதைவிடக் கொடியது தூரம். சிறு காந்தத்தைவிட்டு அதன் அளவைப்போலப் பல மடங்கு விலகிய இடத்தில், தூரம் இரட்டித்தால் புலம் எட்டில் ஒரு பங்காகும். உணரி புரோப்பின் உறைக்குள்ளே சற்று ஆழத்தில் இருப்பதால், ‘காந்தத்தின் மேற்பரப்பில்’ அளந்ததாகச் சொல்லப்படும் எண் உண்மையில் மேற்பரப்பினுடையது அல்ல. இரண்டு ஆய்வகங்களின் அளவுகள் ஒத்துப்போகாவிட்டால் இதையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

புவியின் புலம் ஏறத்தாழ 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை. இதற்கு ஹால் புரோப் பொருத்தமில்லை; நுண்ணிய புலங்களை அளக்கும் ஃபிளக்ஸ்கேட் உணரி வேண்டும். காந்தநடுக்கோட்டை ஒட்டிய திருநெல்வேலிப் பகுதியில் புவிப்புலம் கிட்டத்தட்டக் கிடைமட்டமாகவே ஓடுகிறது. செங்குத்தாகப் பிடித்த ஒற்றையச்சு முனை அங்கே மிகச் சிறிய அளவையே காட்டும். புலத்தின் மொத்த அளவு மட்டும் துல்லியமாகத் தேவையென்றால் புரோட்டான் காந்தமானி உதவும்: புரோட்டான்கள் 40 மைக்ரோடெஸ்லாவில் நொடிக்குச் சுமார் 1,700 முறை தலையாட்டுகின்றன, அந்த அதிர்வெண்ணை எண்ணினால் புலம் கிடைத்துவிடும். இத்தகைய நுண்ணளவுகளுக்குச் சுற்றுப்புறமும் ஒத்துழைக்க வேண்டும். பம்பாயில் டிராம்கள் மின்மயமாகி அளவுகளைக் கெடுக்கவிருந்ததால்தான் கொலாபா காந்த ஆய்வகத்தின் பணி 1904இல் அலிபாகுக்கு மாறியது.

எம்ஆர்ஐ காந்தம் போன்ற சீரான வலுவான புலத்தில், பத்து லட்சத்தில் சில பங்கு துல்லியத்துக்கு அணுக்காந்த ஒத்ததிர்வு புரோப் பயன்படுகிறது. புலம் சீராக இல்லாவிட்டால் அது பூட்டிக்கொள்ளாது. மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் புலத்துக்குத் தேடுசுருளே எளிது. ஆனால் அசையாத புலத்தில் அசையாமல் வைத்த சுருளில் எதுவும் தூண்டப்படாது. உயர் அதிர்வெண்களில் உலோகத் தண்டுள்ள ஹால் புரோப்பைத் தவிர்த்து, கண்ணாடியிழைத் தண்டு உள்ளதை எடுப்பது நன்று. உலோகத்தில் எழும் சுழல் மின்னோட்டங்கள் அளவைக் கெடுக்கும்.

வாங்கும்போது தண்டின் தடிமனையும் கவனிக்க வேண்டும். மோட்டாரின் காற்றிடைவெளிக்கு மெல்லிய குறுக்குப் புரோப் தவிர வழியில்லை, ஆனால் அது எளிதில் உடையும். அளவுத்திருத்தம் மீட்டரோடும் புரோப்போடும் சேர்ந்தது. ஆகவே மாற்றுப் புரோப் வாங்கினால் அதற்குரிய திருத்தத் தரவு இணைப்பியின் நினைவகத்தில் இருக்கிறதா, மீட்டரையும் சேர்த்து அனுப்பித் திருத்த வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.